ஓடிய தூரமும் ஓட்டிய விதமும்

(உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவி)

எங்கள் பகுதியில் ஒருவர் பாவித்த கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால், காண்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "எவ்வளவுக்குப் பேசிருக்கு?" மற்றது, "எத்தன ஓடிருக்கு?" முதற் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எவரும் முழுதாக நம்புவதில்லை. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலையோ எல்லோரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஐம்பதாயிரம் என்றால் முகம் மலர்கிறது. ஒன்றரை இலட்சம் என்றால், "அது முடிஞ்ச கார்" என்று உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரியானது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். "பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தக் கார்க் கதை?" என்று சில தோழியர் கேட்கக்கூடும். வீடு, வளவுக்கு அடுத்தபடியாக நம் குடும்பங்கள் கூடுதலான பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருள் வாகனம்தான். அந்தப் பணத்தில் வாப்பா வெளிநாட்டில் உழைத்ததும் இருக்கும், உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும் இருக்கும். பல வீடுகளில் உம்மாவின் காப்பும் மாலையும் கூட அதற்குள் போய்விடுகின்றன. நமது நகை போகும் இடத்தைப் பற்றி நாமும் கொஞ்சம் அறிந்து வைத்திருப்பதில் தவறில்லை அல்லவா?

மைலேஜ் என்பது எது?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "மைலேஜ்" என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பாவிக்கிறோம். ஒரு லீற்றர் பெற்றோலில் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது ஒன்று. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இன்றுவரை மொத்தமாக எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் ஓடோமீற்றர் காட்டுகிறது. நாம் பேசப்போவதும் அதைப் பற்றியே.

பழைய காலத்து மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற ஆங்கிலேயக் கார்களில் இது மைலில் இருந்தது. ஒரு மைல் ஏறக்குறைய 1.6 கிலோமீற்றர். எனவே அத்தகைய காரில் 60,000 என்று இருந்தால் அது 96,000 கிலோமீற்றருக்குச் சமம். ஐந்து இலக்கம் மட்டும் கொண்ட அந்த மீற்றர்கள் 99,999ஐத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். எத்தனை தடவை சுற்றி வந்தது என்பதை மீற்றர் சொல்லாது. இன்று நம் வீதிகளில் அதிகமாக ஓடும் ஜப்பானியக் கார்களில் கிலோமீற்றர் கணக்கே உண்டு.

ஓடோமீற்றர் உண்மையில் தூரத்தை அளப்பதில்லை. அது சில்லின் சுழற்சியை எண்ணி, அதைத் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. 60 சென்றிமீற்றர் விட்டமுள்ள ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.885 மீற்றர். அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்குச் சில்லு 530 தடவை சுழல வேண்டும். ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு 5 கோடி 30 இலட்சம் தடவை! பூமியின் மத்திய கோட்டைச் சுற்றிவர ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர் என்பதால், ஓர் இலட்சம் ஓடிய கார் உலகை இரண்டரைத் தடவை சுற்றி வந்த கார் ஆகும். இவ்வளவு ஓடியபின்னும் ஒழுங்காகப் பராமரித்த எஞ்சின் நன்றாகவே இயங்குகிறது. இன்றைய எஞ்சின்களுக்கு ஓர் இலட்சம் என்பது பயணத்தின் முடிவு அல்ல.

முதலாவது கணக்கு: வயதால் வகுத்தல்

மைலேஜ் கூடியதா, குறைந்ததா என்பதைத் தனி இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதைக் காரின் வயதால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருடக் காரில் 90,000 என்றால் ஆண்டுக்கு 18,000. பன்னிரண்டு வருடக் காரில் அதே 90,000 என்றால் ஆண்டுக்கு 7,500 மட்டுமே.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. நமது நாட்டுக்கு வரும் ஜப்பானியக் கார்களில் பல, அங்கே சில காலம் ஓடிய பின்னர் "ரீகண்டிஷன்" என்ற பெயரில் இறக்குமதியானவை. ஆகவே தயாரித்த ஆண்டும் இலங்கையில் முதலாவதாகப் பதிவுசெய்த ஆண்டும் வேறுபடும். இலக்கத் தகட்டைப் பார்த்து "இது 2016 கார்" என்று தரகர் சொல்வார். பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் தயாரித்த ஆண்டு 2014 என்றிருக்கும். வயதைத் தயாரித்த ஆண்டிலிருந்தே எண்ண வேண்டும்.

வகுத்து வரும் விடையை எதனோடு ஒப்பிடுவது? ஜப்பானில் ஆண்டுக்கு 10,000 கிலோமீற்றர் என்பதைச் சாதாரணப் பாவனையாகக் கொள்வார்கள். அமெரிக்காவில் 12,000 முதல் 15,000 மைல், அதாவது ஏறக்குறைய 19,000 முதல் 24,000 கிலோமீற்றர் என்பார்கள். அங்கே தூரங்கள் பெரியவை. நமக்கு நம் வாழ்க்கையை வைத்தே கணக்கிடலாம். பாடசாலை, கடை, வேலை என்று நாளொன்றுக்கு 25 கிலோமீற்றர் வீதம் 300 நாட்கள் ஓடினால் 7,500. கொழும்புக்கும் உறவினர் வீடுகளுக்குமாக இன்னுமொரு 2,500. மொத்தம் 10,000. ஆகவே ஒரு குடும்பக் கார் ஆண்டுக்கு எட்டாயிரத்திலிருந்து பதினையாயிரம் வரை ஓடுவது இயல்பானது. அதே கார் வாடகைக்கு ஓடினால் நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் வீதம் 300 நாட்களில் 45,000 ஆகிவிடும். அதனால்தான் மூன்று வருடத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டிய காரைக் கண்டால், "இது யார் கையில், என்ன தொழிலுக்கு ஓடியது?" என்று கேட்க வேண்டும்.

நமது நாட்டுக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. வாகனங்கள் வீட்டிலேயே நின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறை அறிமுகமானபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் மட்டுமே கிடைத்தது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் என்றாலும் வாரத்துக்கு 300ஐத் தாண்ட முடியாது. எனவே அந்த ஆண்டுகளில் ஒரு காரின் ஓட்டம் குறைந்திருப்பது சந்தேகத்துக்குரியதல்ல, அதுதான் இயல்பு. அதேவேளை 2020 மார்ச் முதல் தனியார் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே இன்று சந்தைக்கு வரும் பாவித்த கார்களில் பல வயதானவை; அவற்றில் மைலேஜ் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருப்பதுதான் வழமை. பத்துப் பன்னிரண்டு வருடக் காரில் "முப்பதாயிரம்தான் ஓடியது" என்றால், அதற்கு நல்லதொரு காரணம் இருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: எந்த வீதியில் ஓடிய தூரம்?

ஒரு கிலோமீற்றரும் இன்னொரு கிலோமீற்றரும் சமமானவை அல்ல. இதை நேரத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். கொழும்பு நகர நெரிசலில் ஒரு கார் மணிக்குச் சராசரியாக 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைப்போம். ஓர் இலட்சம் கிலோமீற்றர் ஓட அதற்கு 5,000 மணித்தியாலம் தேவை. நெடுந்தூர வீதியில் சராசரியாக 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு 2,000 மணித்தியாலம் போதும். மீற்றரில் இரண்டும் 100,000 என்றே காட்டும். ஆனால் நகரத்துக் காரின் எஞ்சின் மூவாயிரம் மணித்தியாலம் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. அது ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நின்று புறப்பட்டிருக்கிறது. ப்ரேக்கும் கியரும் கிளச்சும் எத்தனை ஆயிரம் தடவை கூடுதலாக வேலை செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஒன்றரை இலட்சம் ஓடிய நெடுந்தூரக் கார், எண்பதாயிரம் ஓடிய நகரக் காரை விட ஆரோக்கியமாக இருப்பதற்கு இடமுண்டு.

மலையும் ஒரு கணக்குத்தான். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்கு ஏறினால், உயரத்துக்காக மட்டும் எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 50 இலட்சம் யூல். நுவரெலியா 1,868 மீற்றர். அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. திரும்பி இறங்கும்போது அந்தச் சக்தி முழுவதும் எங்காவது போக வேண்டும். அதில் ஒரு பங்கு ப்ரேக்கில் வெப்பமாகிறது. எனவே மஹியங்கனை வளைவுகளிலும் கடுகண்ணாவையிலும் தினந்தோறும் ஏறி இறங்கிய காரின் ப்ரேக்கும் கிளச்சும், அதே தூரம் சமதரையில் ஓடிய காரை விட வேகமாகத் தேயும்.

அப்படியானால் சமதரையான நமது கரையோரக் கார்கள்தாம் சிறந்தவையா? அதுவும் முழு உண்மை அல்ல. நமக்குக் கடற்காற்று இருக்கிறது. உப்புக் காற்றில் வருடக்கணக்காக நின்ற காரின் அடித்தட்டு, கதவின் கீழ் விளிம்பு, சில்லின் மேல் வளைவு ஆகிய இடங்களில் துரு பிடிக்கும். எஞ்சினைத் திருத்தலாம், உடல் துருப்பிடித்த காரைத் திருத்துவது கடினம். மைலேஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் காரின் அடியைக் குனிந்து பார்க்காமல் வாங்கக்கூடாது.

குறைந்த மைலேஜ் எப்போதும் நல்லதா?

ஓடாமல் நின்ற காரும் பழுதாகும். ஒயில், கூலன்ட், ப்ரேக் ஒயில் ஆகியவை கார் ஓடாவிட்டாலும் காலத்தோடு கெடும். றப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். அவற்றால் ஒயில் கசியும். டயர் தேயாமலே இறுகிவிடும். சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் நன்றாகச் சூடாவதற்கு முன்பே நின்றுவிடும். அதனால் எஞ்சினுக்குள் உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒயிலோடு சேரும். ஹைபிரிட் கார்களின் பற்றரி ஓட்டத்தால் மட்டுமல்ல, வயதாலும் பலம் குறையும். எனவே ஹைபிரிட் கார் வாங்குபவர் மைலேஜைப் பார்த்து மகிழ்வதை விட, பற்றரியை ஸ்கானரில் பரிசோதித்த அறிக்கையைக் கேட்பதே புத்தி. பின் இருக்கைக்கு அருகில் பற்றரிக்குக் காற்று எடுக்கும் துவாரம் தூசியால் அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

திருப்பப்பட்ட மீற்றரைக் கண்டறிவது

இனிக் கசப்பான பகுதிக்கு வருவோம். மீற்றரில் உள்ள இலக்கமே பொய்யாக இருந்தால், மேலே செய்த கணக்குகள் எல்லாம் வீண். பழைய மீற்றரின் பற்சக்கரங்களைக் கழற்றித் திருப்பினார்கள். இன்றைய டிஜிற்றல் மீற்றரில் இலக்கம் ஒரு சிறிய நினைவகச் சிப்பில் இருக்கிறது. கணினியை இணைத்து அதையும் மாற்றுகிறார்கள். ஆனால் மீற்றரை மாற்றுபவர் காரின் ஏனைய உறுப்புகள் எல்லாவற்றையும் மாற்றுவதில்லை. அவற்றைப் பார்த்தே நாம் உண்மையை அறியலாம்.

ப்ரேக் பெடலின் றப்பர், ஸ்டியரிங் வளையம், சாரதி இருக்கையின் வெளிப்பக்க ஓரம், சாரதிப் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான் ஆகியவை ஓட்டத்தோடு தேய்பவை. நாற்பதாயிரம் ஓடிய காரில் பெடலின் கோடுகள் மழுங்கிப் போயிருக்கக் காரணமில்லை. அதேபோல் பழைய காரில் பெடல் றப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், அதை ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி எழ வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரித்தது. காரோடு வந்த டயர் சாதாரணமாக நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீற்றர் வரை உழைக்கும். முப்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் பிற்காலத்தவை என்றால், பழையவை வயதால் மாற்றப்பட்டனவா, தேய்ந்து மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். இது ஒன்றையே வைத்து முடிவெடுக்கக்கூடாது; மற்ற அடையாளங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பலமான சாட்சி கடதாசிதான். சேர்விஸ் ரசீதுகளில் திகதியும் கிலோமீற்றரும் இருந்தால் அவற்றை ஆண்டு ஒழுங்கில் அடுக்கிப் பாருங்கள். இலக்கம் ஏறிக்கொண்டே வர வேண்டும், ஓரிடத்திலும் இறங்கக்கூடாது. ஒயில் மாற்றும்போது கதவின் உள் விளிம்பிலோ எஞ்சின் மூடியின் கீழோ அடுத்த சேர்விஸ் எப்போது என்று ஒட்டும் சிறு தாளையும் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த காருக்கு ஏல அறிக்கை ஒன்று இருக்கும். அதில் ஏலத்தின்போது இருந்த மைலேஜ், காரின் தரப்புள்ளி, கீறல், நெளிவு, திருத்தம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானில் புதிய காரை முதலில் மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்துகிறார்கள்; அந்தச் சான்றிதழிலும் மைலேஜ் பதியப்படுகிறது. எனவே ஏல அறிக்கையைக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லப்படும் "ஜப்பான் மைலேஜ்" நம்பத்தக்கதல்ல. சில கார்களில் மீற்றரைத் தவிர வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் ஓடிய தூரம் பதிவாவதால், நல்ல கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

எங்கள் வீட்டில் பார்த்த கணக்கு

இவற்றையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. எங்கள் மூத்தம்மாவை மாதம் இரண்டு தடவை மட்டக்களப்புக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாடகை வாகனம் தேடி அலைந்த வாப்பா, கடைசியில் ஒரு கார் வாங்கத் தீர்மானித்தார். உம்மா இரண்டு சோடிக் காப்பைக் கொடுத்தா. பார்த்தவற்றில் இரண்டு கார்கள் மிஞ்சின. இரண்டும் டொயோட்டா விட்ஸ்.

முதலாவது 2012இல் தயாரித்தது, மீற்றரில் 58,000. பதின்மூன்று வருடத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 4,500க்கும் குறைவு. "ஒரு டீச்சர் ஸ்கூலுக்கு மட்டும் ஓடின கார்" என்றார் தரகர். இரண்டாவது 2014இல் தயாரித்தது, மீற்றரில் 142,000. பதினொரு வருடத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 12,900. அதன் சொந்தக்காரர் கொழும்பிலிருந்து துணி எடுத்து வந்து வியாபாரம் செய்பவர். விலையில் இரண்டாவது நான்கு இலட்சம் ரூபா குறைவு. உறவினர் எல்லோரும் முதலாவதையே எடுக்கச் சொன்னார்கள்.

வாப்பாவின் கூட்டாளியான கராஜ் காக்கா பார்க்க வந்தபோது நானும் கொப்பியோடு போனேன். "மீற்றரப் பாத்தது காணும் புள்ள, இப்ப பெடலப் பாரு" என்றார். முதலாவது காரின் பெடல் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங் மினுங்கியது. எஞ்சின் மூடியின் கீழே பாதி சுரண்டப்பட்ட சேர்விஸ் தாள் ஒன்று இருந்தது. அடுத்த ஒயில் மாற்றம் 118,500இல் என்று அதில் இன்னும் வாசிக்க முடிந்தது. 58,000 ஓடிய காரில் 118,500க்கான தாள்! கேட்டதற்கு, "அது வேற காருட தாளாயிருக்கும்" என்று தரகர் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

இரண்டாவது காரின் சொந்தக்காரர் ஒரு பிளாஸ்ரிக் உறை நிறைய ரசீதுகளைத் தந்தார். நான் அவற்றை ஆண்டு ஒழுங்கில் கொப்பியில் எழுதினேன். 2022இல் மட்டும் ஓட்டம் நன்றாகக் குறைந்திருந்தது. மற்ற ஆண்டுகளில் சீராக ஏறியிருந்தது. ஏறக்குறைய ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றியிருந்தார். முன் அதிர்வுதாங்கிகள் இரண்டும் பலவீனம், இரண்டு டயர் மாற்ற வேண்டும் என்பதை நாங்கள் கேட்காமலே சொன்னார். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்ராட் பண்ணிப் பார்த்தோம். ஒயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் இல்லை. கூலன்ட் எரிவதைக் காட்டும் அடர்ந்த வெள்ளைப் புகையும் இல்லை. திருத்த வேலைக்கு எல்லாமாக இரண்டு இலட்சத்துக்கு மேல் போகாது என்று காக்கா கணக்குச் சொன்னார்.

பிறகு நான் எங்களுடைய தேவையைக் கணக்கிட்டேன். மட்டக்களப்பு போய் வர ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஆண்டுக்கு 24 தடவைக்கு 1,920. ஊருக்குள் நாளொன்றுக்கு 15 வீதம் 300 நாட்களுக்கு 4,500. கொழும்புக்கு மூன்று பயணம், ஏறக்குறைய 2,100. மொத்தம் 8,520. ஐந்து வருடம் நாங்கள் ஓட்டினாலும் மீற்றர் 185,000ஐத்தான் தொடும். ஒழுங்காகப் பராமரித்த எஞ்சினுக்கு அது தாங்கக்கூடிய தூரம் என்று காக்காவும் சொன்னார். வாப்பா இரண்டாவது காரையே வாங்கினார். மிஞ்சிய இரண்டு இலட்சத்தில் உம்மாவின் ஒரு சோடிக் காப்பு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்று. "எத்தனை ஓடியிருக்கிறது?" என்பதோடு, "நமக்கு இன்னும் எத்தனை ஓட வேண்டும்?" என்றும் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் வாடகைக்கு ஓட்ட நினைப்பவருக்கு 142,000 அதிகம்தான். இரண்டு வருடத்தில் அவர் அதில் இன்னும் 90,000ஐச் சேர்த்துவிடுவார். எங்களுக்கு அது அதிகமில்லை.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

1. தயாரித்த ஆண்டு எது? மைலேஜை வயதால் வகுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு?
2. யார், எங்கே, என்ன தேவைக்கு ஓட்டினார்கள்? நகரமா, மலையா, நெடுந்தூரமா?
3. சேர்விஸ் ரசீதுகள் ஒழுங்காக ஏறிவருகின்றனவா? ஏல அறிக்கை இருக்கிறதா?
4. பெடல், ஸ்டியரிங், இருக்கை, டயர் ஆகியவை மீற்றரோடு ஒத்துப் போகின்றனவா?
5. அண்மையில் எவற்றை மாற்ற வேண்டி வரும்? சில எஞ்சின்களில் ஓர் இலட்சம் அளவில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ற் உண்டு. சிலவற்றில் சங்கிலி உண்டு. எது என்று கேட்டு, செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள்.
6. நமக்கு ஆண்டுக்கு எவ்வளவு தூரம் தேவை? எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறோம்?

பொய்யை யார் வளர்க்கிறோம்?

வியாபாரி தான் விற்கும் பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் சொல்வதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்துக்கு முன்பே நமக்கு மார்க்கம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. அதை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அதில் ஒரு விடயத்தை நான் இப்போதுதான் ஊன்றிக் கவனித்தேன். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. மக்கள் காணும்படி அதை மேலே வைக்கும்படியே சொன்னார்கள். அதுபோல், கூடுதலாக ஓடிய காரை விற்பது குற்றமல்ல. ஓடியதை மறைப்பதுதான் குற்றம்.

ஆனால் வாங்குகின்ற நமக்கும் இதில் பங்கிருக்கிறது. ஈரம் மேலே வைக்கப்பட்ட குவியலை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. 142,000 என்று உண்மை சொன்ன துணி வியாபாரியின் கார் மூன்று மாதமாக விலைபோகாமல் நின்றது. 58,000 என்று சொன்ன காருக்கோ வரிசையில் ஆள் வந்தது. உண்மை சொன்னவரின் பொருள் தேங்கி, பொய் சொன்னவரின் பொருள் ஓடினால், அடுத்த முறை உண்மை சொன்னவரும் யோசிப்பார். இலக்கத்தைக் கண்டு பயப்படாமல், ரசீதைக் கேட்டு, வகுத்துப் பார்த்து, நியாயமான விலை கொடுக்கும் வாடிக்கையாளர்கள் கூடினால் மீற்றர் திருப்புபவருக்கு வேலை குறையும். வகுக்கவும் பெருக்கவும் நமக்குத் தெரியும். அடுத்த முறை வீட்டில் கார் பேசும்போது, தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாமல், பதிவுப் புத்தகத்தையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு நாமும் உட்காருவோம்.